பன்னிரண்டாவது புள்ளி

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். பாம்பக்காவுக்குப் பாம்பென்றால் முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். மியூசியத்தின் பின்பக்கம், மாடிப்படிக்கு அடியில் இருந்த காகிதம் சீர்செய்யும் அறையில் அவள் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தாள். அத்தனை வருடத்தில் உயிரோடு ஒரு பாம்பைக்கூடப் பார்த்ததில்லை. ஒருநாள் தோட்டத்தில் பாம்பு வந்துவிட்டதென்று எல்லோரும் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். "உங்களுக்குத்தான் தெரியும், வந்து என்ன பாம்புன்னு பாருங்க" என்று கதவைத் தட்டினார்கள். அவள் உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, "நடு உடம்புல செதில் எத்தனை வரிசைன்னு எண்ணிட்டு வந்து சொல்லுங்க, நான் பேரைச் சொல்றேன்" என்றாள்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்தது ஒரு புத்தகத்தால். நூற்றைம்பது வருடம் பழையது. இரண்டு கையாலும் தூக்கினால்தான் மேசைக்கு வரும். உள்ளே எண்பத்து நான்கு படங்கள், எண்பத்து நான்கும் விஷப்பாம்புகள். கோடுகளைக் கல்லில் வரைந்து அச்சடித்திருந்தார்கள். வண்ணத்தை ஒவ்வொரு தாளுக்கும் யாரோ உட்கார்ந்து கையால் பூசியிருந்தார்கள். நடுவில் பாம்பு சுருண்டு கிடக்கும். கீழே அதன் தலை மட்டும் மூன்று முறை: மேலிருந்து, பக்கத்திலிருந்து, தாடைக்கு அடியிலிருந்து. ஒவ்வொரு செதிலுக்கும் தனி வரப்பு. கட்டுவிரியனையும், அதைப்போலவே உடம்பில் பட்டை போட்டுக்கொண்டு திரியும் அப்பாவிப் பாம்பையும் பிரித்துக் காட்டுவது செதில்தான், நிறம் இல்லை. அதனால் படம் போட்டவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு போட்டிருந்தார்.

அப்பேர்ப்பட்ட புத்தகத்தை மியூசியத்தார் தண்ணீர்க் குழாய்க்கு நேர் கீழே அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாம் படித்தவர்கள்தான். குழாய் உடைந்தது. போதாததற்கு, முந்தைய இயக்குநர் ஒருவர் முப்பது படங்களைப் பிரித்தெடுத்துத் தன் வீட்டுச் சாப்பாட்டு அறைச் சுவரில் கண்ணாடிகூடப் போடாமல் ஒட்டி வைத்திருந்தார். சோற்றுக்கு வந்த ஈக்களெல்லாம் பாம்பு மேல் உட்கார்ந்து எச்சமிட்டுவிட்டுப் போயிருந்தன. இப்படி நனைந்ததும் ஒட்டியதும் புள்ளி விழுந்ததுமாக எண்பத்து நான்கும் அவள் மேசைக்கு வந்து சேர்ந்தன. படத்துக்கு ஒரு மாதம். ஏழு வருட வேலை.

ஈ எச்சம் என்பது கடுகில் பாதி இருக்கும். கருப்பாகவோ பழுப்பாகவோ உறைந்து தாளின் மேல் உட்கார்ந்திருக்கும். லென்சுக்கு அடியில் வைத்து, சின்னக் கத்தியின் முனையால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுக்க வேண்டும். தொல்லை என்னவென்றால், பாம்புக்கும் உடம்பில் புள்ளிகள் உண்டு. எது பாம்பினுடையது, எது ஈயினுடையது? அதற்கு ஒரு வழி இருந்தது. ஊசி முனையால் லேசாக வருடினால், தட்டுப்பட்டால் ஈ, தட்டுப்படாவிட்டால் பாம்பு. ஆனால் சில பழைய எச்சங்கள் தாளுக்குள்ளேயே இறங்கி மட்டமாகிவிட்டிருக்கும். அந்த இடத்தில் பாம்பக்கா சொல்லும் வார்த்தை ஒன்றுதான். "சந்தேகம் வந்தா கையை எடு."

முப்பத்தேழாம் படத்தில் அப்படிக் கையை எடுத்தாள். அது ஒரு விரியன். கண்ணுக்குப் பின்னால் மூன்றாவது செதிலில் ஒரு கரும்புள்ளி, ஊசிக்குத் தட்டுப்படவில்லை. பாம்புகளை ஸ்பிரிட் ஜாடிகளில் போட்டு வைத்திருக்கும் அறையைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் ஜாடிக்காரர் என்பார்கள். அவரிடம் போய்க் கேட்டாள். அவர் அதே சாதிப் பாம்பாக ஆறு ஜாடிகளை எடுத்து வரிசையாக வைத்தார். ஆறிலும் புள்ளி இல்லை. "ஈதான், எடுத்துடு" என்றார். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. அதே புத்தகத்தின் இன்னொரு பிரதி கடல் தாண்டி ஒரு நூலகத்தில் இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதினாள். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது: எங்கள் பிரதியிலும் அந்தப் புள்ளி இருக்கிறது, கல்லிலேயே போட்டிருக்கிறார்கள். அதாவது படம் போட்டவர் முன்னால் கிடந்த அந்த ஒரு பாம்புக்கு, உலகத்தில் வேறெந்தப் பாம்புக்கும் இல்லாமல், அங்கே ஒரு புள்ளி இருந்திருக்கிறது. பாம்பக்கா பதிவேட்டில் எழுதினாள்: "முப்பத்தேழு. கண்ணுக்குப் பின் உள்ள புள்ளி படத்தினுடையது. தொடவில்லை." அன்று முழுக்க அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை, கல்யாணமும் இல்லை. எட்டு வயது இளைய ஒரு தங்கை உண்டு. அம்மா அப்பா போன பிறகு தங்கைக்குத் தலைவாரி, பள்ளிக்கு அனுப்பி, கல்யாணம் செய்து கொடுத்தவள் இவள்தான். தங்கை ரயிலில் ஒன்றரை நாள் தூரத்தில் வாழ்க்கைப்பட்டாள். பாம்புப் புத்தகம் மேசைக்கு வந்த அதே வருடம் தங்கைக்குப் பையன் பிறந்தான். பாம்பக்கா போய் நாலு மாதக் குழந்தையாக அவனைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தாள். அதோடு சரி.

கடிதம் மட்டும் மாதம் தவறாது. முடித்த பாம்பின் மேல் மெல்லிய தாளைப் போட்டுப் படியெடுத்து, அதை ஒரு கடிதத்தோடு அனுப்புவாள். பையன் அதை வீட்டுச் சுவரெல்லாம் ஒட்டி வைத்திருந்தானாம். தங்கை எழுதுவாள், அவன் சொல்லச் சொல்ல: "பாம்புப் பெரியம்மா, உங்களுக்கும் நாகப்பாம்புக்கும் சண்டை வந்தா யாரு ஜெயிப்பாங்க?" முப்பத்தேழாம் பாம்பின் புள்ளிக் கதையை அவள் மூன்று பக்கத்துக்கு எழுதி அனுப்பினாள். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் தங்கை தன் பங்குக்கு ஒரு வரி எழுதுவாள்: "எப்ப வர்றே அக்கா? இவன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

"இந்தப் படம் முடியட்டும்" என்று பதில் போகும். படம் முடியும், அடுத்தது கறை போகத் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும். தண்ணீரில் கிடக்கும் தாளை விட்டுவிட்டு எப்படிப் போவது? தலைக்கு மேல் வேலை என்று எல்லோரிடமும் சொன்னாள். உண்மை வேறு. அந்த அறையை விட்டு வெளியே போக அவளுக்கு மனமே இல்லை. ஜன்னல் வெளிச்சமும் லென்சும் செதிலுமாக அவள் அங்கே சந்தோஷமாக இருந்தாள். ஒரு மனுஷி தன் வேலையில் சந்தோஷமாக இருப்பது குற்றமா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் பையன் வளர்ந்துகொண்டிருந்தான்.

எழுபத்தோராம் படத்தில் இருந்தபோது போன் வந்தது. நாலு நாள் காய்ச்சல். ஆறு வயது. அன்றைக்கே ரயிலேறினாள். ஒன்றரை நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முகத்தைக்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை. வாசலில் நின்ற தங்கை அழவில்லை. "இப்பதான் லீவு கிடைச்சுதா அக்கா?" என்றாள்.

பாம்பக்கா திரும்பி வந்து அந்தப் படத்தையும் மீதிப் பதின்மூன்று படங்களையும் முடித்தாள். கை பழையபடி வேலை செய்தது. மனசு செய்யவில்லை. படியெடுக்கும் தாளை மட்டும் அலமாரிக்குள் தள்ளிவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்துத் தங்கையின் கணவருக்கு வேலை இந்த ஊருக்கே மாற்றலாகி வந்தது. மூன்று தெரு தள்ளி வீடு. சாமான்களைப் பிரித்து அடுக்கி முடித்த வாரம் தங்கை ஒரு காகித உறையோடு அக்கா வீட்டுக்கு வந்தாள். உள்ளே ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. பையன் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு காலில் ஷூ, இன்னொன்று கையில். முன்பல் விழுந்த வாயால் சிரிக்கிறான். கணவரின் நண்பர் ஒருவர் எடுத்தது. அவர் பிலிம் ரோலைக் கழுவியதே பையன் போய் ஒரு மாதம் கழித்துத்தான். நெகட்டிவ் எங்கேயோ தொலைந்துபோயிற்று. மற்ற படங்களில் எல்லாம் கூட்டத்தில் ஒருவனாக, முகம் பருப்பளவுக்குத்தான் இருக்கும். இது ஒன்றுதான் அவன் முகம்.

"கண்ணாடி போட்டுத்தான் மாட்டினேன். கண்ணாடி இருந்தா தொட முடியல, அதான் கழட்டிட்டேன்" என்றாள் தங்கை. "ஈ வந்து நாசம் பண்ணிடுச்சு. எண்பத்து நாலு பாம்புக்குச் செஞ்சியே, இவனுக்கும் செஞ்சு குடு அக்கா."

அன்று வாசலில் கேட்ட கேள்விக்குப் பிறகு தங்கை அவளிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் உதவி அது. பாம்பக்கா உறையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "ஒரு வாரத்துல தர்றேன்" என்றாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் லென்சுக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். எண்ணினாள். பன்னிரண்டு புள்ளிகள். சட்டையில் ஐந்து, படிக்கட்டில் நாலு, முழங்காலில் ஒன்று, நெற்றியில் ஒன்று. பதினொன்றும் ஊசிக்குத் தட்டுப்பட்டன. பதினொன்றும் சுத்தமாக வந்துவிட்டன. பன்னிரண்டாவது இடது கன்னத்தில் இருந்தது. கண்ணின் வெளிமுனைக்கு ஒரு அரிசி நீளம் கீழே, காதுப் பக்கமாக. ஊசியால் வருடினாள். தட்டுப்படவில்லை.

கையை எடுத்தாள்.

அன்றைக்குச் சரியாகத்தான் எடுத்தாள். போட்டோத் தாள் வழவழப்பானது, எச்சம் அவ்வளவு சுலபத்தில் உள்ளே இறங்காது என்பதும் அவளுக்குத் தெரியும். டீ குடிக்க வந்த ஜாடிக்காரரிடம் காட்டினாள். அவர் லென்சில் குனிந்து பார்த்துவிட்டு, "மச்சமா இருக்குமோ?" என்றார். "உன் தங்கச்சியைக் கேட்டுடேன். மூணு தெருதானே."

"கேக்கறேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் போனாள். தங்கை டீ போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் புதுவீட்டுத் தண்ணீர்க் குழாயைப் பற்றியும், மாடிவீட்டுக்காரர் செருப்போடு தடதடவென்று நடப்பதைப் பற்றியும் பேசினார்கள். கேள்வி வாய்வரைக்கும் வந்தது. உன் பையன் கன்னத்துல மச்சம் உண்டா? கூடப் பிறந்தவள் கேட்கிற கேள்வியா அது? ஆறு வருடம் உயிரோடு இருந்த பிள்ளையின் முகம் எனக்குத் தெரியாது என்று அவன் அம்மாவிடம் போய்ச் சொல்வதும் அதுவும் ஒன்றுதானே. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அடுத்த நாளும் போனாள், அதே கதைதான்.

மூன்றாம் நாள் லென்சுக்கு முன்னால் உட்கார்ந்து தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாலு மாதத்தில் நான் தூக்கிப் பார்த்தபோது கன்னம் துடைத்து வைத்தது போல இருந்தது. மற்ற பதினொன்றும் ஈ, பன்னிரண்டாவது மட்டும் எப்படி வேறாக இருக்கும்? வெட்கம் ஒரு மனுஷியை எப்படியெல்லாம் பேச வைக்கிறது, பாருங்கள். கத்தி முனையை வைத்தாள். நூலளவு நூலளவாகச் சுரண்டினாள். அடியில் வெள்ளை தெரிந்தது. மெல்லிய பிரஷ்ஷில் சாம்பல் வண்ணம் தொட்டு, பக்கத்துக் கன்னத்தின் நிறத்துக்குச் சரியாகச் சேர்த்தாள். அவள் செய்ததிலேயே நேர்த்தியான வேலை அது. சாய்ந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் மட்டும், சுரண்டிய இடத்தில் பளபளப்பு போய் மங்கலாக ஒரு சிறு வட்டம் தெரியும். அப்படிப் பார்க்க வேறு யாருக்குத் தோன்றப் போகிறது?

தங்கை போட்டோவை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனாள். "சட்டையெல்லாம் எவ்வளவு வெள்ளையா ஆயிடுச்சு" என்றாள். விழுந்த பல்லைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு, தினமும் செய்து பழகிய கை தானாகப் போவது போல, அவள் விரல் பையனின் கன்னத்துக்குப் போயிற்று. போன விரல் அங்கேயே நின்றது.

"இங்க இருந்தது எங்க, அக்கா?"

"எது?" என்றாள் பாம்பக்கா. கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மச்சம்."

"ஈ எச்சம்னு நெனச்சுட்டேன்."

தங்கை விரலை எடுக்கவில்லை. "உனக்குத் தெரியாது" என்றாள். அது கேள்வி இல்லை. "நாலு வயசுக்கு மேலதான் வந்துச்சு. முப்பத்தேழாம் பாம்புக்கு இருக்கிற மாதிரியே எனக்கும் இருக்குன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சான். பெரியம்மாவுக்கு எழுதலாமாடான்னு கேட்டேன். வேண்டாம்மா, எழுதிடாதீங்க, பெரியம்மா வந்து அவங்களே கண்டுபிடிக்கட்டும்னான்."

பாம்பக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு பாம்போட புள்ளிக்கு நாலு மாசம் காத்துக்கிட்டு இருந்தே. மூணு தெரு நடந்து வந்து என்னை ஒரு வார்த்தை கேக்க முடியலையா?"

நடந்து வந்தேன், இரண்டு நாள் வந்தேன், உன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அது இன்னும் மோசம். அதற்குப் பதிலாக, "திரும்ப வச்சுடறேன். அதே எடத்துல, அதே அளவுல. கொஞ்சம்கூடத் தெரியாது" என்றாள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அதுதான்.

"நீ வச்சா அது நீ வச்சதுதான்" என்றாள் தங்கை. போட்டோவை உறைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

பதிவேடு என்று ஒன்று இருந்தால் அதில் எழுதியாக வேண்டும் என்பது பாம்பக்காவின் பழக்கம். பாம்புப் புத்தகத்தின் பதிவேட்டுக் கடைசிப் பக்கத்தில், யாரும் கேட்காமலேயே எழுதினாள்: "போட்டோ ஒன்று. எடுத்த புள்ளிகள் பன்னிரண்டு. அவற்றில் ஒன்று படத்தினுடையது." தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டாள். ஜாடிக்காரர் ஒருநாள் எதையோ தேடிப் புரட்டும்போது அதைப் படித்துவிட்டார். மூடி வைத்துவிட்டுப் போய் அவளுக்கு ஒரு டீ வாங்கி வந்து கொடுத்தார்.

ஒரு வருடத்துக்கு மேல் பேச்சுவார்த்தை இல்லை. மூன்று தெரு, மூன்று கடல் போல ஆகிவிட்டது. பிறகு பாம்பக்காவுக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்தாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மா சொன்னதில்லை. ஐந்தாம் நாள் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு தங்கை வந்து நின்றாள். "நீ எனக்குத் தலை வாரி விட்டவ, அதுக்காக வந்தேன்" என்றாள் விறைப்பாக. வந்தவள் மூன்று வாரம் அங்கேயே இருந்தாள். பழைய பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

உடம்பு தேறியதும் பாம்பக்கா தங்கை வீட்டுக்குப் போனாள். முன்னறைச் சுவரில் போட்டோ மாட்டியிருந்தது, இப்போதும் கண்ணாடி இல்லாமல். இடது கன்னத்தில் ஒரு புள்ளி இருந்தது. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி வைத்த புள்ளி, கொஞ்சம் பெரியது, ஓரம் பிசிறியது. வைத்த இடமும் தவறு. கண்ணுக்குக் கீழே கன்னத்தின் நடுவில் இருந்தது. உண்மையில் இருந்த இடம் பாம்பக்காவுக்கு நன்றாகத் தெரியும். கண்ணின் வெளிமுனைக்கு ஒரு அரிசி நீளம் கீழே, காதுப் பக்கமாக. தினம் தினம் தொட்டுப் பார்த்தவளின் விரலுக்கே அந்த இடம் தவறிப்போயிருந்தது. நாலு மாதக் குழந்தையாக அவனைப் பார்த்ததோடு சரி என்று இருந்தவளுக்கு, அவன் கன்னத்தில் எது எங்கே இருந்தது என்று அரிசியளவு சுத்தமாகத் தெரிந்தது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

சொல்லவில்லை. இருபத்தாறு வருடம் அந்தச் சுவருக்கு எதிரில் உட்கார்ந்து டீ குடித்தாள், வாயைத் திறக்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். ஜாடிக்காரர் காலமானார். பாம்புப் புத்தகத்தைப் புதுக் கட்டடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள், இந்த முறை குழாய் இல்லாத அறையாகப் பார்த்து. தங்கையின் கணவர் போன பிறகு இரண்டு பேரும் ஒரே வீட்டில் வாழத் தொடங்கினார்கள். பேனாப் புள்ளியின் கறுப்பு மெல்ல வெளிறி ஊதாவாக மாறியது.

ஒருநாள் சாயங்காலம் தங்கை போட்டோவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா" என்றாள். "இது சரியான எடத்துலதானே இருக்கு?"

"எது?"

"மச்சம்தான். நான் அன்னைக்குக் கோவத்துல வச்சேன். சில நாள் எனக்கே சந்தேகமா இருக்கு. கண்ணை மூடினா இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் தெரியுது. யாரைப் போய்க் கேக்கறது? அதைக் கடைசியாப் பாத்தவ நீதான்."

அதில் குத்தல் இல்லை. எழுபதை நெருங்கும் ஒருத்தி, எழுபத்தேழு வயது அக்காவிடம் தெரிந்துகொள்ளக் கேட்டாள். பாம்பக்கா சுவரைப் பார்த்தாள். எண்பத்து நான்கு பாம்புகளுக்கும் அவள் பதிவேட்டில் ஒரு வரி பொய் எழுதியதில்லை.

"அங்கதான் இருந்துச்சு" என்றாள். "அதே எடம். சரியாத்தான் வச்சிருக்கே."

தங்கை தலையாட்டினாள். முகம் தெளிந்தது. போய்ப் போட்டோவில் அந்த ஊதாப் புள்ளியை விரலால் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக உள்ளே விழுந்து, சுவரில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. போட்டோவையும், சுரண்டிய இடத்து மங்கல் வட்டத்தையும் எட்ட இன்னும் ஒரு சாண் தூரம்தான். பாம்பக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய், ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.